ஜவ்வாது மலையும் 1200 சிசியும்

போன மாதம் ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலை ஏறினோம். நான் என் போலோ ஜிடி டிஎஸ்ஐயில். முன்னால் வேலூர் நண்பர், அவருடைய பழைய ஹோண்டா சிட்டி 1.5 விடெக்கில். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அதனால் எனக்கு அவர் அண்ணன். காவலூர் வானாய்வகத்தைத் தாண்டி ஜமுனாமரத்தூரில் டீக்கு நிறுத்தினோம். அவர் என் வண்டியின் பானெட்டைத் தட்டிவிட்டு ஆரம்பித்தார்.

"இன்னா தம்பி, 1200 சிசி தையல் மிஷினை வெச்சிக்கினு ஜிடின்னு பேர் வேற போட்டிருக்கான்."

நான் சும்மா இருப்பேனா? இரண்டு வண்டியின் குதிரைத்திறனும் ஏறக்குறைய ஒன்றுதான், நூற்றைந்து பக்கம். அவருடையது டர்போ இல்லாத ஒன்றரை லிட்டர், என்னுடையது 1197 சிசி டர்போ. சிட்டி முழு பலத்தையும் காட்ட ஏழாயிரம் ஆர்பிஎம் பக்கம் போக வேண்டும். போலோவுக்கு ஆயிரத்து ஐந்நூறிலேயே 175 நியூட்டன் மீட்டர் டார்க் வந்துவிடும். கொண்டை ஊசி வளைவில் வேகம் செத்துப்போன நிலையில் திரும்ப ஏறுவதற்கு எது வசதி? இதைச் சொன்னேன். "வசதிக்கு ஆட்டோல வந்திருக்கலாமே"ன்னு சொல்லிட்டு டீயைக் குடித்தார்.

இந்தச் சண்டை எங்கள் இரண்டு பேரோடது மட்டும் இல்லை. கார் பைத்தியங்கள் நாலு பேர் சேர்ந்தால் இதுதான் பேச்சு. அமெரிக்காவில் இதற்கு ஒரு சொலவடையே உண்டு: கொள்ளளவுக்கு மாற்று கொள்ளளவுதான். ஆனால் அன்றைக்கு மலை இறங்கிய பிறகு எனக்கு ஒரு கேள்வி ஒட்டிக்கொண்டது. நாம் எப்போது பெரிய இன்ஜினை வைத்திருந்தோம், இப்போது இழந்துவிட்டதாக வருத்தப்படுவதற்கு? அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்த குறிப்புகள்தான் இவை.

முதலில் சோழவரம். சென்னைக்கு வடக்கே இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளம். 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல பத்தாண்டுகள் பந்தயம் நடத்தியது அங்கேதான். 1990-ல் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத்தளம் வரும்வரை தென்னிந்தியாவின் வேகமெல்லாம் அந்த சிமெண்டுத் தரையில்தான். விமானம் ஏறி இறங்கப் போட்ட பாதை என்பதால் நீளமான நேர்ப்பாதைகள். நேர்ப்பாதையில் குதிரைத்திறன் பேசும், எடை கொஞ்சம் வாயை மூடிக்கொள்ளும். நம் ஊர்க்காரர்களின் பெரிய இன்ஜின் மோகத்துக்கு இந்த நிலவியலும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். சோழவரம் ஒரு மலைப்பாதையாக இருந்திருந்தால் வேறு மாதிரி ரசனை வளர்ந்திருக்கும்.

அங்கே ஓடிய வண்டிகள் என்ன? லைசென்ஸ் ராஜ்யத்தில் கிடைத்தவை மூன்றே மூன்று. அம்பாசடர் 1489 சிசி, ஃபியட் 1089 சிசி, வண்டலூர் பக்கம் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு 948 சிசி. அம்பாசடரில் இருந்தது சுமார் ஐம்பது குதிரை. இதுதான் இருப்பதிலேயே பெரிய இன்ஜின்! இதைக் கழற்றி, சிலிண்டர் ஹெட்டைச் சீவி கம்ப்ரெஷனை ஏற்றி, காற்று போகும் வழியை பாலிஷ் போட்டு, கார்புரேட்டரை மாற்றி, சீட்டையும் கம்பளத்தையும் பிடுங்கி எறிந்து ஓட்டினார்கள். பெரிய இன்ஜின் வாங்க வழியில்லாத இடத்தில், இருக்கும் இன்ஜினைப் பிழிவது ஒரு கைத்தொழிலாக வளர்ந்தது.

அதே ஓடுதளத்தில் 1980-களின் தொடக்கத்தில் விஜய் மல்லையா என்சைன் ஃபார்முலா ஒன் காரைக் கொண்டுவந்து ஓட்டினார். மூன்று லிட்டர். ஒரு பக்கம் பிழிந்தெடுத்த ஃபியட், இன்னொரு பக்கம் இது. அந்தச் சத்தத்தைக் கேட்டவர்கள் இன்றைக்கும் அதைப் பற்றிப் பேசும்போது குரல் மாறும். என் வேலூர் அண்ணனும் அப்படித்தான், சின்ன வயதில் அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்தவர். ஆக, பெரிய இன்ஜின் என்பது நமக்குச் சொந்த அனுபவம் கிடையாது. வருடத்துக்கு ஒருமுறை வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்த தேர் அது.

இதில் ஒரு வேடிக்கை. நாம் அந்த மூன்று லிட்டர் சத்தத்தில் மயங்கிய அதே ஆண்டுகளில் ஐரோப்பாவில் மூன்று லிட்டர் தோற்றுக்கொண்டிருந்தது. அன்றைய விதிப்படி டர்போ இல்லாவிட்டால் மூன்று லிட்டர், டர்போ இருந்தால் ஒன்றரை லிட்டர். 1977-ல் ரெனோ அந்த ஒன்றரை லிட்டர் டர்போவோடு ஃபார்முலா ஒன்னுக்கு வந்தபோது, அடிக்கடி புகைவிட்டு நின்றதால் "மஞ்சள் டீ கெட்டில்" என்று கிண்டலடித்தார்கள். 1979-ல் பிரெஞ்சு கிராண்ட் பிரீயில் அது ஜெயித்தது. அப்புறம் சில ஆண்டுகளில் டர்போ இல்லாதவர்களுக்கு முன்வரிசையே கிடைக்கவில்லை. டீ கெட்டில், தையல் மிஷின். திட்டுவதற்குக்கூட அடுப்படியிலும் வீட்டுக் கூடத்திலும்தான் சாமான் தேடுகிறார்கள்.

நம் ஊரில் பெரிய உடம்புக்கு ஆசைப்பட்டு மாட்டிக்கொண்ட கதைகளும் உண்டு. 1984-ல் வந்த ஹிந்துஸ்தான் கான்டெஸா, பிரிட்டிஷ் வாக்ஸ்ஹால் உடம்பு. பார்த்தால் அமெரிக்கக் கார் மாதிரி அகலமும் நீளமும். உள்ளே அம்பாசடரின் அதே 1489 சிசி. பிறகு இசுசு 1.8 இன்ஜின் வந்துதான் அது மூச்சுவிட்டது. அடுத்த ஆண்டு வந்த ஸ்டாண்டர்டு 2000 இன்னும் சோகம். பிரிட்டனில் மூன்றரை லிட்டர் வி8 போட்டு ஓடிய ரோவர் எஸ்டி1 காரின் உடம்பை வண்டலூருக்குக் கொண்டுவந்தார்கள். வி8-ஐக் கொண்டுவரவில்லை. பழைய வான்கார்டு வம்சத்து 1991 சிசி நாலு சிலிண்டரை உள்ளே வைத்து, நம் சாலைக்காக வண்டியைத் தூக்கியும் வைத்தார்கள். மூன்று நாலு வருடத்தில் கதை முடிந்தது. கணக்குப்படி பார்த்தால் அன்றைய இந்தியாவில் அது பெரிய இன்ஜின்தான். சுமக்க வேண்டிய உடம்போடு சேர்த்துப் பார்த்தால் சின்னது. சிசி என்பது தனி எண் இல்லை, எடையால் வகுத்துப் பார்க்க வேண்டிய எண் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் நம்மிடம் இல்லை.

வகுத்தலைச் சரியாகச் செய்தவர்களும் அப்போதே இருந்தார்கள். பெங்களூரில் தயாரான சிபானி டால்ஃபின். 848 சிசி, ஃபைபர் உடம்பு, இரண்டு கதவு. குடும்பத்துக்கு வாங்கியவர்கள் நொந்துகொண்ட வண்டி. ராலிக்காரர்கள் மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டார்கள், காரணம் எடை. அப்புறம் கோவை. லட்சுமி மில்ஸ் குடும்பத்து எஸ். கரிவரதன், சோழவரத்தில் பந்தயம் ஓட்டி ஜெயித்த மனிதர், 1980-களின் கடைசியில் ஃபார்முலா மாருதியை உருவாக்கினார். மாருதி 800-ல் பால் வாங்கப் போகிறோமே, அதே 796 சிசி மூன்று சிலிண்டர் இன்ஜின். அதை ஒற்றை இருக்கைச் சட்டகத்தில் உட்கார வைத்தார். இந்த நாட்டில் யாருக்கும் கட்டுப்படியாகும் பந்தயக் கார் அதுதான். 1995-ல் சிறு விமான விபத்தில் கரிவரதன் இறந்துபோனார், வயது நாற்பதுகளில்தான். அவர் உண்டாக்கிய வண்டியில் பந்தயம் பழகிய கோவைப் பையன் நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஜோர்டான் அணிக்காக மூன்று லிட்டர் வி10 ஓட்டினார். 796 சிசியில் ஆரம்பித்து அங்கே போயிருக்கிறார். சின்ன இன்ஜினில் பழகியவனுக்கு ஒரு பழக்கம் வந்துவிடும்: வளைவில் வேகத்தை விட்டுவிட்டால் நேர்ப்பாதையில் திரும்ப எடுக்க முடியாது, அதனால் விடவே மாட்டான்.

சின்னதின் புகழ் பாடும்போது எல்லோரும் இழுக்கும் உதாரணம் 1964 மான்டி கார்லோ ராலி. 1071 சிசி மினி கூப்பர் எஸ்ஸில் பேடி ஹாப்கிர்க் ஜெயித்தார், பெரிய வி8 போட்ட ஃபோர்டு ஃபால்கன் தோற்றது. நானும் பல தடவை இதைச் சொல்லி வாதத்தில் ஜெயித்திருக்கிறேன். இந்தக் கட்டுரைக்காகத் திரும்பப் படித்தபோதுதான் உறைத்தது. சிறப்புக் கட்டங்களில் வேகமாக ஓடியது போ யுங்ஃபெல்ட்டின் ஃபால்கன்தான். சின்ன வண்டிகளுக்குச் சலுகை தரும் மதிப்பெண் முறை இருந்ததால் மினிக்குக் கோப்பை. அண்ணனிடம் இதைச் சொல்லலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். சொல்லிவிட்டேன். அவர் சிரித்த சிரிப்பை இங்கே எழுத்தில் கொண்டுவர முடியாது.

சலுகை என்றதும் நம் கதையின் முக்கியமான இடத்துக்கு வருகிறோம். 2006 பட்ஜெட்டில் நிதியமைச்சர் ப. சிதம்பரம் சிறிய கார்களுக்கான உற்பத்தி வரியை 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைத்தார். சிறிய கார் என்றால் எது? நாலு மீட்டருக்குள் நீளம். பெட்ரோல் என்றால் 1200 சிசிக்குள், டீசல் என்றால் 1500-க்குள். ஒரு கோடு போட்டார்கள், அதற்கப்புறம் எல்லா கம்பெனியும் அந்தக் கோட்டுக்குள் கால் மடக்கி உட்காரப் பார்த்தது. 2005-ல் 1298 சிசியோடு வந்த ஸ்விஃப்ட், 2010-ல் 1197 ஆனது. அந்த 1.3-க்காக இன்றும் ஏங்குபவர்கள் இருக்கிறார்கள். மறைமலை நகரில் தயாரான ஈகோஸ்போர்ட்டில் 2013-ல் 999 சிசி டர்போ வந்தது, 125 குதிரை. என் போலோவின் 1197-ம் அதே வரிசைதான். ஜிஎஸ்டி வந்தபோதும் கோடு அழியவில்லை. 2025 செப்டம்பரில் இன்னும் தடித்தது. கோட்டுக்கு உள்ளே இருந்தால் 18 சதவீதம், வெளியே போனால் 40.

அதனால், "உனக்கு சின்ன இன்ஜின் பிடிக்குமா, பெரிய இன்ஜின் பிடிக்குமா" என்ற கேள்வியே நம் நாட்டில் கொஞ்சம் போலி. லைசென்ஸ் காலத்தில் அனுமதிச் சீட்டு தீர்மானித்தது. இப்போது வரி அட்டவணை தீர்மானிக்கிறது. நடுவில், 1990-களின் கடைசி முதல் 2006 வரை, ஒரு குட்டி இடைவெளி. ஐகான் 1.6, சிட்டி 1.5 விடெக், பேலியோ 1.6 எல்லாம் அந்த இடைவெளியில் முளைத்தவை. அண்ணன் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருப்பது அந்த ஏழெட்டு வருடத்தைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒன்றரை லிட்டர் உலகக் கணக்கில் பெரிய இன்ஜினே கிடையாது. ஆனால் நாம் விரும்பி வாங்க முடிந்ததில் அதுதான் பெரியது.

அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது, மறைக்கக் கூடாது. டர்போ என்பது வெளியேறும் புகையைக் கொண்டு விசிறி சுற்றி, அந்த வேகத்தில் காற்றை உள்ளே திணிக்கும் ஏற்பாடு. விசிறி வேகம் பிடிக்க ஒரு கணம் ஆகும். அந்தக் கணத்தில் காலுக்கும் சக்கரத்துக்கும் நடுவே யாரோ ஒருத்தர் நின்று "இருங்க, சொல்றேன்" என்பது மாதிரி இருக்கும். டர்போ இல்லாத இன்ஜினில் கால் அசைந்தால் வண்டி அசையும். 2016-ல் போர்ஷே தன் 718 கார்களில் ஆறு சிலிண்டரை எடுத்துவிட்டு நாலு சிலிண்டர் டர்போ வைத்தபோது வேகம் கூடியது, வாடிக்கையாளர் கோபமும் கூடியது. சில வருடத்தில் நாலு லிட்டர் ஆறு சிலிண்டரோடு சில மாடல்களைத் திரும்பக் கொண்டுவர வேண்டியிருந்தது. 2022-ல் மெர்சிடிஸ் ஏஎம்ஜி சி63-ல் வி8 போய் இரண்டு லிட்டர் நாலு சிலிண்டரும் மின்மோட்டாரும் வந்தன. 680 குதிரை, எடை இரண்டு டன்னுக்கு மேல். ரசிகர்கள் திரும்பிப் பார்க்கவில்லை. அவர்கள் கேட்டது எண்ணை இல்லை போலிருக்கிறது.

மலைக்கு வருவோம். காவலூர் எழுநூற்றுச் சொச்சம் மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிடச் சுமார் ஏழு சதவீதம் குறைவு. டர்போ இல்லாத சிட்டி அங்கே ஏழு குதிரையைக் கீழேயே விட்டுவிட்டுத்தான் ஏறுகிறது. டர்போ கொஞ்சம் கூடுதலாகச் சுற்றி அந்த நஷ்டத்தை ஈடுகட்டிவிடும். இதையும் அண்ணனிடம் சொன்னேன். "ஏழு குதிரை மேய்ச்சலுக்குப் போயிருக்கும், எறங்கும்போது கூட்டிக்கினு போறேன்" என்றார். நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது டீக்கடை முன்னால் ஒருவர் எக்ஸ்எல்லில் இரண்டு மூட்டை சாமையோடு ஏறி வந்து நிறுத்தினார். நூறு சிசிகூட முழுசாக இல்லை. எங்கள் வாதம் அவர் காதில் விழுந்ததா தெரியவில்லை, எங்கள் இரண்டு காரையும் ஒருமுறை பார்த்துவிட்டு டீ சொன்னார்.

யார் முதலில் ஏறினோம் என்று கேட்பீர்கள். போட்டியெல்லாம் வைக்கவில்லை. வளைவுக்கு அந்தப் பக்கம் ஆடும், பள்ளிக்கூடப் பிள்ளைகளும், டவுன் பஸ்ஸும் இருக்கும் சாலை அது.

இறங்கும்போது போளூர் பக்கம் இறங்கினோம். அண்ணன் முன்னால், இரண்டாவது கியரில் போட்டுவிட்டு பிரேக்கில் கால் வைக்காமல் சிட்டி பாட்டுக்கு இறங்கியது. ஒன்றரை லிட்டர் இழுத்துப் பிடிக்கும். என் 1.2-ஐ ஆட்டோமேட்டிக் கியரில் அப்படியே விட்டுவிட்டதால் அந்தப் பிடிப்பு இல்லை, வளைவுக்கு வளைவு பிரேக். அடிவாரத்தில் நிறுத்தியபோது முன் சக்கரத்திலிருந்து கருகல் வாசனை. அவர் வந்து குனிந்து மோந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் தண்ணி பாட்டிலை நீட்டினார், குடிக்கத்தான்.