மீன்பிடிக் கூட்டத்துக்கு வந்த கணினிச் சட்டம்

 

2004 டிசம்பர் 21. பெல்ஜியத்தின் பிரசல்ஸ் நகரம். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளின் விவசாய, மீன்பிடி அமைச்சர்கள் கூடியிருக்கிறார்கள். அடுத்த வருஷம் எந்தக் கடலில் எவ்வளவு மீன் பிடிக்கலாம் என்பதுதான் அவர்களின் தலையிடி. ஆனால் அன்றைய நிகழ்ச்சி நிரலில், விவாதம் இல்லாமலேயே நிறைவேற்றிவிடும் விடயங்களின் பட்டியலில், மீனுக்கும் நெல்லுக்கும் சம்பந்தமே இல்லாத ஒன்று இருந்தது. கணினி மென்பொருள்களுக்கு ஆக்கவுரிமை, அதாவது பேட்டன்ட், வழங்குவது பற்றிய சட்டமூலம்.

அங்கே போலந்தின் பிரதி அமைச்சர் ஒருவர் வந்து சேர்ந்தார். பெயர் வ்லோட்ஜிமியெர்ஸ் மார்ச்சின்ஸ்கி. அவருக்கும் மீனுக்கும் தொடர்பில்லை. தகவல் தொழில்நுட்பத் துறையைச் சேர்ந்தவர். இதற்காகவே வந்து, அந்த விடயத்தைப் பட்டியலிலிருந்து எடுக்கும்படி கேட்டார். எடுத்தார்கள். போலந்து ஒன்றியத்தில் சேர்ந்து அப்போது எட்டு மாதம்கூட ஆகவில்லை. வந்து குந்துவதற்கு முன்னரே பெரிய நாடுகளோடு முரண்டு பிடித்தது அந்தப் புது உறுப்பினர்.

அந்த அமைச்சரின் பின்னால் நின்றவர்கள் யார் என்பதுதான் நான் சொல்ல வந்த கதை. பெரிய கட்சியோ தொழிற்சங்கமோ அல்ல. கட்டற்ற மென்பொருள் எழுதும் இளைஞர்கள், சின்னக் கம்பனிக்காரர்கள், பல்கலைக்கழக மாணவர்கள்.

கட்டற்ற மென்பொருள் என்றதும் எங்கள் பிள்ளைகள் "காசில்லாமல் கிடைப்பதுதானே சேர்" என்பார்கள். காசு இங்கே இரண்டாம் பட்சம். அதைப் பாவிக்கலாம், உள்ளே எப்படி எழுதியிருக்கிறது என்று பார்க்கலாம், மாற்றலாம், அடுத்தவருக்கும் கொடுக்கலாம். இந்த நான்கு சுதந்திரங்களும் சேர்ந்ததே அது. அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டோல்மன் 1983இல் தொடக்கிய வேலை. 1991இல் ஹெல்சின்கியில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை வெளியிட்ட பிறகு ஐரோப்பாவிலும் வேகம் பிடித்தது. 2001இல் இதற்கென்றே ஐரோப்பாவில் தனி அமைப்பொன்றும் உருவானது.

இவர்கள் பேட்டன்டுக்கு ஏன் பயந்தார்கள்? ஒரு வட்டிலப்பத்தை வைத்து விளக்குகிறேன். நீங்கள் ஒரு சமையல் புத்தகம் எழுதுகிறீர்கள். அதை நான் அப்படியே அச்சடித்து விற்றால் குற்றம். அது பதிப்புரிமை; நியாயமானது. ஆனால் ஒருவர் வந்து, "தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் முட்டையும் கலந்து ஆவியில் அவிப்பது என்னுடைய கண்டுபிடிப்பு" என்று பதிந்துவிட்டால்? உங்கள் புத்தகத்தைக் கண்ணாலும் காணாமல், உம்மம்மாவிடம் பழகி அவித்தவரும் அவருக்குப் பணம் கட்ட வேண்டும். பேட்டன்ட் வேலை செய்யும் விதம் இதுதான். சுயமாக யோசித்து எழுதினேன் என்பது அங்கே பதிலாகாது.

கற்பனை அல்ல. கடையில் ஒரே கிளிக்கில் பொருள் வாங்கும் முறைக்கு 1999இல் அமெரிக்காவில் அமேசன் பேட்டன்ட் பெற்றது. உடனே போட்டிக் கம்பனி மீது வழக்கும் போட்டது. ஒரு பெரிய மென்பொருளில் இப்படிப்பட்ட யோசனைகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். பெரிய கம்பனிகள் தங்களுக்குள் பேட்டன்டுகளை மாற்றிக்கொண்டு சமாளித்துவிடும். சும்மா எழுதிச் சும்மா கொடுக்கிறவர் என்ன செய்வார்? வழக்கறிஞருக்குக் கட்டவே அவரிடம் இருக்காது.

ஐரோப்பாவில் இதற்கு ஒரு வேலி இருந்தது. 1973இல் ஜேர்மனியின் மியூனிச் நகரில் கைச்சாத்தான ஐரோப்பிய ஆக்கவுரிமை உடன்படிக்கையின் 52ஆம் உறுப்புரை, கணினி நிரல்கள் கண்டுபிடிப்புகளாகக் கருதப்படமாட்டா என்று சொல்கிறது. ஆனால் அதற்குக் கீழேயே ஒரு சிறு சொல்: "அந்த அளவில்" மட்டும். நிரல் நிரலாக மட்டும் இருந்தால்தான் விலக்கு என்பது அதன் பொருள். ஐரோப்பிய ஆக்கவுரிமை அலுவலகம் இந்தச் சின்னச் சந்தால் நுழைந்து, "தொழில்நுட்ப விளைவு" இருக்கிறது என்ற பெயரில் மென்பொருள் பேட்டன்டுகளை ஆயிரக்கணக்கில் வழங்கிவிட்டது. அந்த அலுவலகம் நடப்பதே கட்டணப் பணத்தில்தான் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

2002 பெப்ரவரி 20இல் ஐரோப்பிய ஆணைக்குழு முன்வைத்த சட்டமூலம், நாடுகளின் சட்டங்களை ஒரே சீராக்குவதாகச் சொன்னது. உண்மையில் அந்த நடைமுறைக்கே சட்ட முத்திரை குத்தியது.

இங்கேதான் எனக்குப் பிடித்த பகுதி. எதிர்ப்பின் மையத்தில் நின்ற அமைப்பு எஃப்.எஃப்.ஐ.ஐ. 1999இல் மியூனிச்சில் தொடங்கியது. அதை முன்னின்று நடத்திய ஹார்ட்முட் பில்ச் வழக்கறிஞர் அல்லர், மொழிபெயர்ப்பாளர். சொல்லுக்குச் சொல் நிறுத்துப் பார்ப்பது அவருடைய தொழில். சட்டமூலத்தை வரிவரியாகப் பிரித்து, எந்தச் சொல் எந்தக் கதவைத் திறக்கிறது என்று எழுதி, பாராளுமன்ற உறுப்பினர்களிடம் கொண்டுபோனார்கள். நிரல் எழுதுகிறவனுக்கு இது புதிதல்ல. ஓர் அரைப்புள்ளி தவறினால் முழு நிரலும் நின்றுவிடும் என்று பழகியவர்கள் சட்டத்தையும் அப்படியே வாசித்தார்கள். ஆதரவாளர்கள் "புத்தாக்கம், வேலைவாய்ப்பு" என்று பொதுவாகக் கதைத்தபோது இவர்கள் வாசகத்தைக் காட்டினார்கள்.

லட்சக்கணக்கானோர் மனுவில் ஒப்பமிட்டார்கள். 2003 ஓகஸ்ட் 27இல் பிரசல்ஸில் சில நூறு பேர் வீதியில் நின்றார்கள். அதே நாளில் ஏராளமான இணையத்தளங்கள் முகப்பை மூடி, எதிர்ப்பு வாசகத்தை மட்டும் வைத்தன. செப்டெம்பர் 24இல் முதலாம் வாசிப்பு. 361 பேர் ஆதரவு, 157 பேர் எதிர்ப்பு, 28 பேர் நடுநிலை. ஆனால் நிறைவேறியது வேறொரு சட்டம்! தரவைக் கையாள்வது தொழில்நுட்பத் துறையாகாது, ஒரு மென்பொருள் இன்னொன்றோடு பேசுவதைப் பேட்டன்ட் தடுக்கக் கூடாது என்றெல்லாம் திருத்தங்களால் அதன் நோக்கத்தையே திருப்பிவிட்டிருந்தார்கள்.

அமைச்சர்கள் சபை விட்டுவிடுமா? 2004 மே 18இல் அந்தத் திருத்தங்களில் பெரும்பாலானவற்றைத் தூக்கி வீசிவிட்டு அரசியல் உடன்பாடு கண்டது. ஜூலையில் நெதர்லாந்துப் பாராளுமன்றம், ஆதரவை மீளப் பெறும்படி தன் அமைச்சரிடமே கேட்டது. மியூனிச் மாநகர சபை தன் 14,000 அளவிலான கணினிகளை லினக்ஸுக்கு மாற்றும் வேலையை, இந்தப் பேட்டன்ட் பயத்தால் ஓகஸ்டில் சில நாட்கள் நிறுத்தியும் வைத்தது. நவம்பரில் டோர்வால்ட்ஸ் உட்பட மூன்று பிரபல நிரலாளர்கள் பகிரங்க வேண்டுகோள் விடுத்தார்கள். ஆனாலும் முன்னரே உடன்பட்ட விடயம் என்பதால் எந்த அமைச்சர் கூட்டத்திலும் அதை நிறைவேற்றிவிடலாம். அப்படித்தான் அது மீன்பிடி அமைச்சர்களின் மேசைக்கு வந்தது.

ஒரு இடைக்குறிப்பு. மார்ச்சின்ஸ்கி பிரசல்ஸில் நின்ற நாளிலிருந்து ஐந்தாம் நாள் எங்கள் கரைகளுக்கு என்ன நடந்தது என்று சொல்லத் தேவையில்லை. காணாமற்போனவர்களையும் முகாம்களையும் நிவாரணப் பொருட்களையும் பதிந்து தேட, இலங்கையின் மென்பொருள் தொண்டர்கள் "சஹானா" என்ற கட்டற்ற மென்பொருளை எழுதினார்கள். யாரிடமும் அனுமதி கேட்டு நிற்க நேரமில்லாத நாட்கள் அவை. அதற்கு 2006ஆம் ஆண்டுக்கான சமூக நலத் திட்ட விருதை ஸ்டோல்மனின் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை வழங்கியது. ஐரோப்பாவில் நடந்த சண்டை எங்களுக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்காக இதைச் சொன்னேன்.

2005 மார்ச் 7இல் அமைச்சர்கள் சபை சட்டமூலத்தை எப்படியோ நிறைவேற்றியது. முதலிலிருந்து தொடங்குங்கள் என்ற பாராளுமன்றக் குழுவின் கோரிக்கையையும் ஆணைக்குழு ஏற்கவில்லை. மீண்டும் பாராளுமன்றம், இரண்டாம் வாசிப்பு. இம்முறை பொறுப்பாளர் பிரான்ஸின் முன்னாள் பிரதமர் மிஷெல் ரொக்கார். எழுபதைத் தாண்டிய மனிதர், பழைய திருத்தங்களின் சாரத்தைத் திரும்பக் கொண்டுவந்தார்.

ஜூலை 6இல் ஸ்ட்ராஸ்பேர்க்கில் வாக்கெடுப்பு. நிராகரிக்க 648, எதிராக 14, நடுநிலை 18. அமைச்சர்கள் சபையின் நிலைப்பாட்டை இரண்டாம் வாசிப்பில் பாராளுமன்றம் முழுதாகத் தூக்கி எறிந்தது.

இந்த 648ஐ நிரலாளர்களின் வெற்றி என்று மட்டும் எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இரண்டாம் வாசிப்பில் ஒரு திருத்தம் நிறைவேற, வந்திருப்பவர்களில் அல்ல, மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல், அதாவது 367 வாக்குகள் வேண்டும். ரொக்காரின் பக்கத்துக்கு அது கிடைக்குமா என்று சந்தேகம். எதிர்ப் பக்கத்துக்கோ, கிடைத்துவிடுமோ என்று பயம். கடைசியில் மோசமான சட்டத்தை விடச் சட்டமே வேண்டாம் என்று இரு பக்கமும் ஒரே முடிவுக்கு வந்தன. பேட்டன்டை ஆதரித்த பெரிய கம்பனிகளும் அன்று நிராகரிப்பையே விரும்பின. ஆனால் அந்தப் பயத்தை அவர்களுக்கு உண்டாக்கியது யார்? மூன்று வருஷம் கதவு கதவாகப் போய் வாசகத்தைக் காட்டியவர்கள்தானே. அந்த அளவுக்கு வெற்றி அவர்களுடையதுதான்.

உங்கள் கணினியில் செம்மஞ்சள் கூம்புப் படத்தோடு இருக்கும் வி.எல்.சி. பிளேயரைப் பாருங்கள். 1996இல் பாரிஸில் பொறியியல் மாணவர்கள் தொடங்கிய வேலை அது. எந்த வகை வீடியோவையும் அது திறக்க முடிவதற்கு ஒரு காரணம், மென்பொருள் பேட்டன்டை பிரெஞ்சுச் சட்டம் ஏற்காதிருப்பது. இதை அதை உருவாக்கியவர்களே சொல்கிறார்கள்.

மற்றப் பக்கமும் இருக்கிறது. ஆக்கவுரிமை அலுவலகம் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிறுவனம் அல்ல. ஆகவே பாராளுமன்றத்தின் முடிவு அதைக் கட்டுப்படுத்தவில்லை. பழைய வழக்கம் தொடர்ந்தது. 2023 ஜூன் 1இல் பல நாடுகளுக்கும் பொதுவான ஆக்கவுரிமை நீதிமன்றமொன்றும் வேலையைத் தொடங்கியது. மென்பொருள் பேட்டன்டுகள் இனி எங்கே போய் நிற்கும் என்பது அந்த நீதிபதிகள் 52ஆம் உறுப்புரையை எப்படி வாசிக்கிறார்கள் என்பதிலும் தங்கியிருக்கிறது. கணினி நிரல்களை விலக்கும் வரி அதில் அப்படியே இருக்கிறது. "அந்த அளவில்" என்பதும் அப்படியே இருக்கிறது.