படியூர்க் கல்லும் பழனி வழியும்

படியூர்ப் பூமியில் கிடைத்த பசுநீலக் கல்லை ஐரோப்பியர் ‘பெரில்’ என்று வழங்குகின்றனர். அப்பெயரோ, நம் வைடூரியத்துக்கு உறவான ‘வேளுரிய’ என்னும் பிராகிருதச் சொல் யவனர் நாவில் திரிந்து உண்டானது என்பது மொழிநூலார் கருத்து. கல்லோடு அதன் நாமமும் கடல் கடந்தது. காங்கேயத்துக்கும் திருப்பூருக்கும் இடையே, கிளுவை வேலியும் வெள்வேலமும் கொழுக்கட்டைப் புல்லும் அவற்றை மேயும் மாடுகளுமே செல்வமாய் விளங்கும் இந்த மழை குறைந்த பிரதேசத்தின் ரத்தினம் ரோமாபுரிச் சந்தைக்குப் போயிற்று என்பதை எண்ணுந்தோறும் என் உள்ளம் பூரிக்கிறது.

பதிற்றுப்பத்து ‘கொடுமணம்’ என்று போற்றும் ஊர் நொய்யற்கரைக் கொடுமணலே என்பர். அங்கே 1985 முதல் நடந்த அகழாய்வுகளில், கல்லை அறுத்துத் துளையிட்டு மெருகேற்றிய தொழிற்கூடங்களின் எச்சங்கள் வெளிப்பட்டன; பானை ஓடுகளில் தமிழ்ப் பிராமி எழுத்தில் கீறிய தமிழ்ப் பெயர்களுக்கிடையே பிராகிருதப் பெயர்களும் காணப்பட்டன. தன் கலத்தில் தன் பெயரைப் பொறித்துவைத்த அந்த வடதேசத்தான், ஒரு பொழுது தங்கிப் போன வழிப்போக்கனாக இருந்திருப்பான் என்று எனக்குத் தோன்றவில்லை; உள்ளூர்க் குயவன் வனைந்த கலத்தில் உண்டு, உள்ளூர் எழுத்தில் தன் பெயரை எழுதிக்கொண்ட அவன், இவ்வூராருள் ஒருவனாகவே வாழ்ந்திருக்க வேண்டும். முசிறித் துறையிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் புகுந்து, கொடுமணலைத் தொட்டுக் கரூருக்குச் சென்ற பெருவழியே இத்தனைக்கும் காரணம். கோவையை அடுத்த வெள்ளலூரில் 1842இல் அகப்பட்ட ரோமானிய வெள்ளிக் காசுகள் அவ்வழியின் சாட்சிகள்.

சரக்கு சென்ற தேசத்தில் சமயமும் சஞ்சரித்தது. சமணர் தழைத்த விஜயமங்கலத்தில் கொங்குவேளிர், கோசாம்பி மன்னன் உதயணன் சரிதத்தைப் ‘பெருங்கதை’ எனத் தமிழாக்கினார். சிரவணபெளகொளத்தில் கோமதேசுவரரை நிறுவிய சாமுண்டராயரின் தங்கை, கன்னட தேசத்தை விட்டு வந்து, அவ்வூரிலேயே சல்லேகனம் என்னும் உண்ணாநோன்பு நோற்று உயிர் துறந்ததாகச் சாசனம் கூறுகிறது.

1956 நவம்பர் முதல் தேதியன்று, அதுவரை சென்னை ராஜ்யத்தைச் சேர்ந்திருந்த பாலக்காடு கேரளத்துக்கு உரியதாயிற்று. ஆயினும் அதே கணவாய் வழியே மலையாள யாத்திரிகர் பழனிக்கு வருவது நிற்கவில்லை. பங்குனி உத்திரத்துக்குக் கொடுமுடிக் காவேரித் தீர்த்தத்தைக் காவடியில் சுமந்து, வெயிலில் கால் கொப்பளிக்க நடந்துவரும் கொங்கு நாட்டார் அடிவாரத்தை அடையும்போது, முடியிறக்கிச் சந்தனம் பூசிய மலையாளக் குடும்பங்கள் படியேறிக்கொண்டிருக்கின்றன. கடைத்தெருப் பலகைகளில் தமிழுக்குக் கீழே மலையாள எழுத்தும் இருக்கிறது.