தோட்டக் கலையில் கூம்பு வடிவம்

கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் வழியாக உதகைக்குச் செல்வோர், மலை ஏற ஏற மரங்களின் உருவம் மாறுவதைக் கவனித்திருக்கலாம். கீழே புளியும் வேம்பும் குடைபோல் விரிந்திருக்கின்றன. மேலே சைப்ரஸ் முதலிய ஊசியிலை மரங்கள் கூம்பாக உயர்ந்து நிற்கின்றன. இவை நீலகிரியின் சொந்த மரங்கள் அல்ல, வெளிநாடுகளிலிருந்து வந்தவை. 1848-இல் உதகைத் தாவரவியல் பூங்காவை அமைக்க வந்த மெக்ஐவர், இங்கிலாந்தின் கியூ தோட்டத்தில் பயின்றவர். அந்நாட்டுத் தோட்டக் கலை மரபு அவருடன் மலையேறியது.

அம்மரபில் கூம்பு மிகப் பழையது. ஏறத்தாழ 1900 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த உரோமானியர் இளைய பிளினி, தம் நாட்டுப்புற மாளிகையை வருணித்து எழுதிய கடிதமொன்றில், பாக்ஸ் என்னும் செடியை எழுத்துகளாகவும் சிறு கூம்புகளாகவும் கத்தரித்திருந்ததைக் கூறுகிறார். அக்கூம்புக்கு அவர் வழங்கிய பெயர், பந்தயத் திடலில் தேர்கள் திரும்பும் இடத்தைக் காட்டிய கூம்புத் தூணின் பெயரிலிருந்து பிறந்தது. 17-ஆம் நூற்றாண்டில், மன்னர் பதினான்காம் லூயிக்காக லெ நோத்ரு அமைத்த வெர்சேல்ஸ் தோட்டத்திலும் கூம்பாக வெட்டப்பட்ட யூ மரங்கள் அணிவகுத்தன.

இது அழகுக்காக மட்டுமா? செடியின் தலை அகன்று அடி குறுகினால், கீழ் இலைகள் நிழலில் வாடி உதிரும். அடி அகன்ற கூம்பில் எல்லா இலைகளுக்கும் ஒளி கிட்டும். வெர்சேல்ஸில் டிசம்பர் இறுதியில் நண்பகலிலும் கதிரவன் சுமார் 18 பாகையே உயர்கிறான். பக்கவாட்டில் வரும் அவ்வொளியை ஏற்கக் கூம்பின் சாய்ந்த பக்கம் ஏற்றது. பனி நாடுகளில் மரத்தின்மேல் விழும் பனியும் எளிதில் சரிந்துவிடும்.

கோவையின் நிலை வேறு. வட அட்சரேகை 11 பாகையில் உள்ள இங்கு, டிசம்பர் நண்பகலிலும் கதிரவன் சுமார் 56 பாகை உயர்கிறான். ஏப்ரலிலும் ஆகஸ்டிலும் உச்சிக்கே வருகிறான். அப்போது மரத்தின் நிழல் அதன் கிளைகள் பரவிய அளவே இருக்கும். ஒடுங்கிய கூம்பு மரத்தடியில் எத்தனை பேர் நிற்க முடியும்? முற்றத்து வேம்பை வெட்டிவிட்டுக் கூம்பு மரம் நட விரும்புவோர் இதைச் சிந்திக்க வேண்டும்.

ஆனால், மரத்தில் நமக்குப் பொருந்தாத கூம்பு, பூவில் நன்கு பொருந்துகிறது. 2014-இல் தெலங்கானாவின் மாநில விழாவாக அறிவிக்கப்பட்ட பதுக்கம்மாவில், பெண்கள் தட்டில் பூக்களை வட்ட வட்டமாக அடுக்கிக் கூம்பாக்குவர். சுற்றி நின்று பாடி ஆடியபின் நீரில் விடுவர். அதில் சிறப்பிடம் பெறும் தங்கேடுப் பூ வேறன்று. பொங்கலையொட்டிக் கொங்கு வீடுகளில் வேப்பிலை, பூளைப்பூவுடன் சேர்த்துக் காப்புக் கட்டும் ஆவாரம்பூதான்!

அந்த அடுக்கு கவிழாமல் நிற்பதேன்? சீரான திண்மக் கூம்பின் ஈர்ப்பு மையம், அடியிலிருந்து உயரத்தில் நான்கில் ஒரு பங்கில் அமையும். 40 செ.மீ. உயரக் கூம்பில் அது 10 செ.மீ.; அதே உயர உருளையில் 20 செ.மீ. மையம் தாழ்ந்திருப்பதால் தட்டைத் தலையில் சுமந்தாலும் கூம்பு எளிதில் சாயாது. மேலும், அதே அடியும் உயரமும் கொண்ட உருளையின் கன அளவில் மூன்றில் ஒரு பங்கே கூம்புக்கு உண்டு, பூவும் மிச்சம்.

காப்புக் கட்டி மிஞ்சிய ஆவாரம்பூவை மாணவர்கள் இரு தட்டுகளில், ஒன்றில் கூம்பாகவும் மற்றதில் உருளையாகவும் அடுக்கலாம். பின் இரண்டையும் மெல்லச் சாய்த்து, எது முதலில் சரிகிறது என்று பாருங்கள்.