ஊர்நத்தமும் காவ்டாணும்: அளவைச் சங்கிலி நுழையாத மனைகள்

தளேகாவ் என்னும் பெயரைத் தயக்கமின்றித் தமிழாக்கலாம். மராத்தியில் 'தளே' என்றால் குளம். 'காவ்' என்றால் ஊர். புணே மாவட்டத்தின் இந்தக் குளத்தூரில் தங்கி ஆய்வு செய்யும் எனக்கு மற்றொரு மராத்திச் சொல்லும் அறிமுகமானதாகவே ஒலிக்கிறது. அது 'காவ்டாண்': ஊர்மக்கள் குடியிருக்கும் மனைப்பரப்பு. நமது 'நத்தம்' அதற்கு நேரான சொல். இவ்விரு சொற்களுக்கும் பொதுவானதொரு வரலாறு உண்டு. நில அளவையாளர்கள் நெடுங்காலம் இவ்விடத்தின் வெளியெல்லையோடு நின்றுவிட்டார்கள்.

தஞ்சைப் பெரிய கோயிலுக்கு முதலாம் இராசராசன் அளித்த ஊர்களைப் பதிவு செய்யும் கல்வெட்டுகள் முதலில் மொத்தப் பரப்பைக் கூறுகின்றன. பின்னர் ஊர்நத்தம், கோயில், குளம், வாய்க்கால், பறைச்சேரி, கம்மாணச்சேரி, சுடுகாடு ஆகியவற்றைக் கழிக்கின்றன. எஞ்சியதே இறை கட்டும் நிலம். அளவோ வேலி, மா, காணி, முந்திரி என இறங்கிச் செல்கிறது. முந்திரி என்பது 320இல் ஒரு பங்கு. அதற்குக் கீழும் பின்னங்கள் உண்டு. இத்துணை நுட்பம் இருந்தும், நத்தத்துக்குள் யாருடைய மனை எங்கே முடிகிறது என்று கல்வெட்டு கூறவில்லை. வரி இல்லாத இடத்தில் அக்கேள்வி எழவில்லை.

புணேயிலும் இதுவே நிகழ்ந்தது. 1820களின் பிற்பகுதியில் பிரிங்கில் என்னும் ஆங்கில அதிகாரி, ரிக்கார்டோவின் வாரக் கோட்பாட்டைப் பின்பற்றி இங்கே நிலவரி விதிக்க முயன்று தோற்றார். 1835இல் கோல்ட்ஸ்மிட்டும் விங்கேட்டும் இந்தாபூர் வட்டத்தில் மறுஅளவையைத் தொடங்கினர். 33 அடிச் சங்கிலியின் சதுரம் ஒரு குண்டா. 40 குண்டா ஓர் ஏக்கர். வயல்களுக்கு எண்ணும் எல்லைக்கல்லும் கிடைத்தன. காவ்டாணோ வரைபடத்தில் உட்பிரிவற்ற ஒரே கட்டமாகவே நின்றது. மக்கள்தொகை மிகுந்த ஊர்களுக்குப் பின்னாளில் தனி அளவை வந்தது, சிற்றூர்கள் காத்திருந்தன. உழும் நிலத்துக்குப் பத்திரம் உண்டு, உறங்கும் வீட்டுக்கு இல்லை என்னும் முரண் இவ்வாறு உருவானது. வீட்டை ஈடாக வைத்து வங்கியில் கடன் பெறுவது அரிதானது. சுவர்த் தகராறுகள் தலைமுறைகளைக் கடந்தன.

அந்தக் கட்டத்தைத் திறந்தது ட்ரோன். இம்மாவட்டத்தின் புரந்தர் வட்டத்திலுள்ள சோனோரி கிராமத்தில் காவ்டாண் அளவை முன்னோட்டமாக நடந்தது. 2020 ஏப்ரல் 24 அன்று 'சுவாமித்வா' என்னும் மத்திய அரசுத் திட்டம் தொடங்கியது. அதே ஆண்டு அக்டோபர் 11 அன்று ஆறு மாநிலங்களின் 763 கிராமங்களுக்கு முதற்கட்ட உரிமை அட்டைகள் வழங்கப்பட்டன. அவற்றுள் 100 கிராமங்கள் மகாராட்டிரத்தைச் சேர்ந்தவை. ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு எடுக்கப்படும் படங்களை, தரையில் துல்லியமாக நிறுவிய புள்ளிகளோடு பொருத்தி, 1:500 அளவில் வரைபடம் உருவாக்குகிறார்கள். பிழை சில சென்டிமீட்டர்களுக்குள் அடங்கும்.

ஆயினும் ட்ரோன் பறப்பதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. ஊரார் கூடி, தத்தம் மனையின் எல்லையைச் சுண்ணாம்புக் கோடாகத் தரையில் இடவேண்டும். கருவி படமெடுப்பது அக்கோட்டைத்தான். மேலிருந்து பார்க்கும் கருவிக்குக் கூரை தெரியும். கூரைக்கு உள்ளே ஒதுங்கி நிற்கும் சுவர் தெரியாது. அந்தச் சுவர் இரு வீட்டாருக்கும் பொதுவா, மறைந்த அண்ணனின் மனைவிக்கு அதில் பங்குண்டா, காவ்டாண் எல்லைக்கு வெளியே மூன்று தலைமுறையாக வாழும் குடும்பத்தின் வீடு கணக்கில் சேருமா என்பனவற்றையும் அது அறியாது. இராசராசன் கல்வெட்டில் நத்தம் வேறு, சேரி வேறு என்று எழுதப்பட்டிருப்பதை இங்கே மறக்கலாகாது. குடியிருப்பின் எல்லை ஒருபோதும் வெறும் கணிதமாக இருந்ததில்லை.

மகாராட்டிரத்தில் இந்த உரிமை ஆவணத்தைச் 'சனத்' என்கிறார்கள். தமிழில் 'சன்னது' என்று நாம் அறிந்த அதே அரபுச் சொல். அரசர்கள் சிலருக்கு வழங்கிய சன்னது இன்று குடிமக்களின் வீடுதேடி வருவது பெரிய மாற்றமே. ஆனால் அதில் ஏறும் பெயர்களைத் தீர்மானிப்பவை சுண்ணாம்புக் கோடு இடப்படும் நாளும், வரைவு வரைபடத்தின்மீது ஆட்சேபம் கேட்கப்படும் நாள்களும்தான். ஊரில் குரல் தாழ்ந்தவர்கள் அந்நாள்களில் அங்கே இருந்தாக வேண்டும்.