எரியாத பல்பும் எரிகிற பல்பும்

பருத்தி எடுப்பு முடிஞ்சு கொஞ்சம் ஓய்வு. பங்குனிப் பொங்கலில் நடந்ததை எழுதுகிறேன்.

சிவகாசி வெளிச்சத்தை விற்றுப் பிழைத்த ஊர். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா போய் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். அதுக்கப்புறம் மத்தாப்பு, பட்டாசு. ஆனால் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில், நான் சின்னப்பிள்ளையா இருந்தப்போ, திருவிழாவுக்கு பெட்ரோமாக்ஸ் விளக்கும் நாலு டியூப்லைட்டும்தான்.

1980களில் சீரியல் செட் வந்தது. அமெரிக்காவில் எட்வர்டு ஜான்சன் 1882லேயே கிறிஸ்துமஸ் மரத்தில் 80 மின்பல்புகளைக் கட்டினாராம். எங்களுக்கு வந்து சேர நூறு வருசம் ஆச்சு. ஆறு வோல்ட் பல்பு நாற்பதை ஒன்றன்பின் ஒன்றாகக் கோர்த்தால் 230 வோல்ட்டைத் தாங்கும். ஒன்று பீஸ் போனால் நாற்பதும் அணையும். எது போனதுன்னு முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

பெரியப்பா மகன் அண்ணன் அப்போ மைக்செட் வைத்திருந்தார். டெஸ்டரை ஒவ்வொரு பல்பா வைத்துக்கொண்டே போவார். அது எந்த இடத்தில் மினுங்காமல் நிற்கிறதோ, அந்தப் பல்புதான் போனது. ஒரு ராத்திரி, "அணைஞ்ச சரம்தானே"ன்னு வெறுங்கையால தொட்டுட்டார். சரம் அணைஞ்சாலும் பீஸ் போன பல்பு வரைக்கும் கரண்ட் நிற்கும். வலது கையில் இரண்டு விரல் இன்றைக்கும் மடங்காது.

எல்.இ.டி. வந்தது தனிக்கதை. சிவப்பு 1962லேயே வந்தாச்சு. பளிச்சென்ற நீலம் ஜப்பானில் 1990களில்தான் கைகூடியது. நீலம் இல்லாமல் வெள்ளை இல்லை. அதைச் செய்த அகசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014இல் நோபல் பரிசு கிடைத்தது.

இப்போ பிக்சல் லைட். ஒவ்வொரு பல்புக்குள்ளும் ஒரு சிப் இருக்கு. நம்ம கண்மாய்ப் பாசனம் மாதிரிதான். முதல் வயல் தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியை அடுத்த வயலுக்கு விடும். இங்கே தண்ணீருக்குப் பதில் எந்த நிறம் எவ்வளவு என்ற தகவல் போகுது. நடுவில் ஒரு மடை அடைபட்டால் கடைமடை காயும்.

இந்த வருசம் அம்மன் போர்டில் பாதி இருட்டு. லைட்டுக்காரப் பையன் எரியாத முதல் பல்பை வெட்டி மாற்றினான். எரியவில்லை. அடுத்ததையும் மாற்றினான். ம்ஹூம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணன் மெதுவா கேட்டார்:

"தம்பி, வயல் காஞ்சு கிடந்தா மேல் வயக்காரனைத்தானப்பா மொதல்ல கேக்கணும்?"

கடைசியாக எரிந்துகொண்டிருந்த பல்பை மாற்றினான். அது தனக்கு வேண்டியதை எடுத்து நல்லாத்தான் எரிஞ்சிருக்கு; அடுத்ததுக்குத்தான் விடவில்லை. அம்புக்குறி பார்த்துப் புதுசை இணைத்ததும் போர்டு முழுக்க வெளிச்சம்.

ஆனால் வெட்டுவதற்கு முன்னால் அண்ணன் ஒரு வார்த்தை சொன்னார், அதுதான் முக்கியம்: "ப்ளக்கைப் பிடுங்கு." பிக்சலுக்குள் போவது 12 வோல்ட்தான். அதற்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டிக்குள் வருவது அதே பழைய 230. உங்கள் வீட்டு மாடியில் தீபாவளிக்குச் சரம் கட்டும்போது அந்த மடங்காத விரல்களை நினைத்துக்கொள்ளுங்கள்.