போர்க்களமும் கலாசாலையும்: மிஸிசிப்பி நாட்டு மூவர் வரலாறு



மாந்தர் கல்வி பெறாமைக்குப் பொருளின்மை ஒன்றே காரணமென்றும், உதவிச் சம்பளம் கிடைத்துவிடின் எவனும் கற்றுத் தேறலாமென்றும் நம்முட் பலர் கருதுகின்றனர். சங்கங்களிற் கல்வி நிதி திரட்டுவாரும் இக்கருத்துடனேயே திரட்டுகின்றனர். இது முற்றும் பிழையென்று யான் கூறேன். ஆயினும், ஓர் அரசாங்கமே தன் கருவூலத்தைத் திறந்துவைத்து, 'வம்மின், கன்மின்' என்று அழைத்த காலத்தும், கலாசாலை வாயில் திறவாமையாற் புறத்தே நின்ற ஆண்மக்கள் உளர். அவர்கள் கோழைகளல்லர், அந்நாட்டின் பொருட்டுக் கடல் கடந்து படைக்கலம் ஏந்தியவர்கள். அமெரிக்க ஐக்கிய நாட்டில் நிகழ்ந்த அவ்வரலாற்றை ஈண்டு எழுதப் புகுந்தேன்.

முதல் உலகப் போரிலிருந்து மீண்ட அமெரிக்கப் படைவீரர்க்கு 1924-இல் ஒரு நன்கொடைப் பத்திரம் வழங்கப்பட்டது; அதற்குரிய பணமோ 1945-இலேயே கொடுபடும் என்றனர். இடையே பெரும் பொருளாதார மந்தம் வந்து வேலையும் கூழும் இன்றி வருந்திய அவர்கள், 1932-இல் பல்லாயிரவராகத் திரண்டு வாஷிங்டன் நகரிற் குடிசையிட்டுத் தங்கி அப்பணத்தை அப்பொழுதே தரவேண்டினர். அவ்வாண்டு ஜூலை மாதத்தில், கண்ணீர்ப் புகையும் குதிரைப்படையுங் கொண்டு அவர்களை விரட்டியவர் பிறரல்லர், அந்நாட்டுப் படையினரே. அவ்விழிவு மீண்டும் நேரலாகாதென்ற அச்சமே, இரண்டாம் உலகப் போர் முடியுமுன்னரே ஒரு சட்டஞ் செய்யுமாறு தூண்டிற்று.

அச்சட்டத்தில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் 1944-ஆம் ஆண்டு ஜூன் 22-ஆம் நாள் கையொப்பமிட்டார். தொண்ணூறு நாட்கள் படையிற் பணிசெய்து நற்சான்றுடன் விடுபட்டவன் கலாசாலையிற் சேர்ந்தால், ஆண்டொன்றுக்கு 500 டாலர் வரை சம்பளமும் புத்தகச் செலவும் அரசாங்கம் ஏற்கும். உணவு உறையுட்காக மாதந்தோறும் தனியனுக்கு 50 டாலரும், குடும்பம் உடையானுக்கு 75 டாலரும் முதற்கண் அளிக்கப்பட்டன. இதில் ஒரு முட்டும் இருந்தது. படையிற் புகுங்கால் 25 வயதைக் கடந்திருந்தவன், போரினால் தன் படிப்புத் தடைப்பட்டதென நிறுவினாலன்றி, ஓராண்டுப் பயிற்சிக்கு மேல் உதவி பெறுதல் இயலாது. 1945 டிசம்பரில் அவ்வரையறையை நீக்கினர். பள்ளியாசிரியர் யாவரும் அறிவர்: வயது மிக்கானை வகுப்பில் அமர்த்துங்கால் அவனினும் மிகுதியாக நாணுபவர் அவன் வீட்டாரே. அந்நாட்டிலோ மனைவியும் குழந்தையும் உடைய மாணவர் நூறாயிரக் கணக்கில் வந்து புகுந்தனர். அவர்கள் தங்குதற்கு விடுதிகள் போதாமையாற் படைவீட்டுத் தகரக் கொட்டகைகளைக் கலாசாலை வெளிகளிற் கொணர்ந்து நிறுத்தினர்.

கற்றறிந்த பெரியோர் இதனை வரவேற்றனரோ எனின், எல்லாரும் வரவேற்றிலர். சிகாகோ சர்வகலாசாலைத் தலைவர் ஹட்சின்ஸ், இச்சட்டத்தாற் கலாசாலைகள் வேலையற்றுத் திரிவாரின் தங்கிடமாகும் என்று எழுதினார். ஹார்வார்டுத் தலைவர் கானன்டும் தகுதியில்லாதார் மிகுவர் என்று ஐயுற்றார். வந்தவர்களோ, குண்டுமழையிற் கழிந்த ஆண்டுகளை ஈடு செய்பவர் போல இரவு பகலாகக் கற்றனர். தம் கலாசாலை கண்ட சிறந்த மாணவர் இவர்களே எனக் கானன்டே பின்னர் ஒப்பினார். 1947-இற் கலாசாலை மாணவரிற் பாதியளவினர் படையினின்று மீண்டவரே. 1956-இல் இத்திட்டம் முடிவதற்குள் ஏறத்தாழ 22 லட்சம் பேர் கலாசாலைகளிற் பயின்றிருந்தனர்.

இதுகாறும் உரைத்தது பலரும் புகழ்ந்து பேசும் பகுதி. இனி, குறைவாகப் பேசப்படுவதைச் சொல்லுவேன்.

அச்சட்டத்தில் நிறத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கறுப்பின வீரனுக்கும் வெள்ளை வீரனுக்கும் ஒரே தொகைதான். ஆனால் தொகையைப் பெற்றவன் எக்கலாசாலையிற் சேர்வது? தென்மாகாணங்களில் வெள்ளையர் கலாசாலைகள் கறுப்பினத்தவரைச் சேர்க்கமாட்டா. அவர்க்கென்று இருந்த சில கலாசாலைகளோ சிறியன. கூட்டந் தாங்காது பலரைத் திருப்பியனுப்பின. சட்டம் தலைநகரில் எழுதப்பட்டது. அதனை நடத்துங் கை உள்ளூரார் கையாயிருந்தது.

மிஸிசிப்பி மாகாணத்து மெட்கர் எவர்ஸ் 1943-இற் படையிற் சேர்ந்து, பிரான்சு தேசத்துப் போர்முனைக்குப் பண்டங்கொண்டு செல்லும் பிரிவிற் பணிசெய்தவர். மீண்டு வந்த 1946-ஆம் ஆண்டிலேயே, தம் ஊரில் வாக்களிக்கச் சென்றபோது ஆயுதந்தாங்கிய வெள்ளையர் வழிமறித்துத் திருப்பினர். பின்னர் படைவீரர் உதவியைக் கொண்டு, கறுப்பினத்தார்க்குரிய ஆல்கார்ன் கலாசாலையிற் பயின்று 1952-இற் பட்டம் பெற்றார். 1954-இல் மிஸிசிப்பி சர்வகலாசாலையின் சட்டப் பிரிவிற்கு விண்ணப்பித்தார், மறுக்கப்பட்டார். அன்று முதல் தம்மினத்தார் உரிமைக்குழைக்கும் சங்கத்தின் ஊழியராய் அம்மாகாணமெங்கும் சுற்றினார். ஏனைய இருவர் வரலாற்றிலும் இவர் கை உண்டு.

அவ்விருவருள் ஒருவர் கிளைட் கென்னார்டு. அந்நாட்டிலும் இப்பெயரை அறிந்தார் சிலரே. ஹாட்டிஸ்பர்க் என்னும் ஊரிற் பிறந்த இவர் 1945 முதல் 1952 வரை படையில் இருந்தார். ஜெர்மனியிலும் கொரியாவிலும் பணிசெய்தார். விடுபட்டபின் சிகாகோ சர்வகலாசாலையிற் சேர்ந்து மூன்றாண்டு பயின்றார். ஈண்டொன்று குறிக்கத் தகும்: படைவீரரால் கலாசாலை கெடுமென்று ஹட்சின்ஸ் எழுதியது அச்சர்வகலாசாலையின் தலைமையில் இருந்தபொழுதேயாம். படிப்பு முடிய ஓராண்டே இருக்கையில் மாற்றாந்தந்தையின் நோயால் 1955-இல் ஊர் திரும்பி, தாயுடன் கோழிப்பண்ணை நடத்தினார். எஞ்சிய படிப்பை முடித்தற்கு அருகே ஒரு கலாசாலை இருந்தது. ஆனால் மிஸிசிப்பி சதர்ன் என்னும் அக்கலாசாலை வெள்ளையர்க்கே உரியது.

கென்னார்டு விண்ணப்பித்தார். தம் ஜில்லாவைச் சேர்ந்த பழைய மாணவர் ஐவரிடம் நற்சான்று பெற்று வருக என்றனர். பழைய மாணவர் அனைவரும் வெள்ளையராயிருக்க, அச்சான்றை இவர் யாரிடம் பெறுவது? ஒருமுறை, தேர்தல் முடியும் வரை பொறுக்குமாறு மாகாணக் கவர்னரே வேண்டப் பொறுத்தார். இவர் ஆரவாரஞ் செய்தவரல்லர். உள்ளூர்ப் பத்திரிகைக்கு அமைதியாகக் கடிதங்கள் எழுதினார். மாந்தரை அளக்குங்கோல் தகுதியேயன்றி நிறமாகலாகாது என்பதே அவற்றின் சாரம். இனப்பிரிவினையைக் காத்தற்கென மாகாண அரசாங்கம் அமைத்த கமிஷனார், இவரிடம் யாதேனும் குற்றங் காணலாகுமோ என்று ஒற்றர் விட்டுத் தேடினர், ஒன்றுங் கிடைத்திலது.

1959-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் கலாசாலைத் தலைவரைக் கண்டு பேசி வெளியே வந்தார். வண்டியை முறைகேடாக ஓட்டினார் என்றும், வண்டியில் மது வைத்திருந்தார் என்றும் கான்ஸ்டேபிள்கள் பிடித்துச் சென்றனர். இவரோ குடிப்பழக்கம் அறவே இல்லாதவர். மறு ஆண்டு, இருபத்தைந்து டாலர் பெறும் ஐந்து மூட்டைக் கோழித்தீவனத்தைத் திருடத் தூண்டினார் என்று மற்றொரு வழக்கு வந்தது. முழுதும் வெள்ளையரான ஜூரிகள் பத்து நிமிடத்திற் குற்றவாளி என்றனர். திருடியதாக ஒப்பிய இளைஞனுக்குச் சிறையில்லை, கென்னார்டுக்கு ஏழாண்டு. இத்தீர்ப்பு நீதிக்கு இழுக்கென்று கூறிய எவர்ஸும் கோர்ட்டை அவமதித்தாரென்று தண்டிக்கப்பட்டார். மேல்கோர்ட்டு பின்னர் அதனைத் தள்ளிற்று.

பார்ச்மன் சிறைப்பண்ணையில் கென்னார்டு குடற்புற்று நோயுற்றார். அறுவைக்குப் பின்னும் வயல்வேலைக்கு அனுப்பினர். நாடெங்கும் எழுந்த கூச்சலால் 1963-இன் தொடக்கத்தில் விடுவித்தனர். அவ்வாண்டு ஜூலை 4-ஆம் நாள் சிகாகோவில் உயிர் நீத்தார். வயது 36. அந்நாள் அந்நாட்டின் சுதந்திரத் திருநாள். எவர்ஸ் அதற்கு மூன்று வாரங்களுக்கு முன்னரே, ஜூன் 12-ஆம் நாள், தம் வீட்டு வாயிலில் ஒளிந்திருந்த ஒருவனாற் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்.

மூன்றாமவர் ஜேம்ஸ் மெரிடித். விமானப்படையில் 1951 முதல் ஒன்பதாண்டு கழித்து ஊர் வந்தவர். கறுப்பினத்தாரின் ஜாக்சன் கலாசாலையிற் சேர்ந்தவாறே, 1961 ஜனவரியில் மிஸிசிப்பி சர்வகலாசாலைக்கு விண்ணப்பித்தார். எவர்ஸ் சொற்படி உரிமைச் சங்க வக்கீல்களின் துணையை நாடினார். இவரிடமும் பழைய மாணவர் ஐவர் சான்றே கேட்டனர். வழக்கு ஓராண்டுக்கு மேல் நடந்தது. ஐக்கிய நாட்டு நீதிமன்றங்கள் சேர்க்கவேண்டுமெனக் கட்டளையிட்ட பின்னரும் கவர்னர் பார்னெட் தாமே நேரில் நின்று தடுத்தார். 1962 செப்டம்பர் 30-ஆம் நாள் இரவு கலாசாலை வெளி கலகக்களமாயிற்று, இருவர் மாண்டனர், நூற்றுக்கணக்கானோர் காயமுற்றனர். ஜனாதிபதி கென்னடி படையை அனுப்பினார். மறுநாட் காலை, கண்ணீர்ப் புகையின் நாற்றம் இன்னும் நீங்காதிருக்கையில், 29 வயதான அப்பழைய படைவீரர் பதிவேட்டிற் கையொப்பமிட்டு வகுப்பிற்குச் சென்றார். ஒன்பதாண்டு பிறரைக் காத்தவனைப் பாடங்கேட்டற்கு வேறு படைவீரர் காக்க நேர்ந்தது! மாணவர் பலர் அவருடன் பேசிலர். உணவுச்சாலையில் அவர் அமர்ந்த மேசையை விட்டு எழுந்து போயினர். 1963 ஆகஸ்டு 18-ஆம் நாள் அவர் பட்டம் பெற்றார். கென்னார்டு இறந்து ஏழு வாரங்களும் ஆகவில்லை.

மிஸிசிப்பி சதர்ன் கலாசாலை இக்காலத்து சதர்ன் மிஸிசிப்பி சர்வகலாசாலை என வழங்குகிறது. 1993-இல், மாணவர் அலுவல்கள் நடைபெறும் கட்டிடத்திற்குக் கென்னார்டின் பெயரையும் சூட்டினர். தீவன வழக்கிற் சாட்சி சொன்னவன் முதுமையெய்தும் பருவத்தில், தான் கூறியது பொய்யென்று ஒப்பினான். 2006-இல், அன்று தண்டித்த அந்த ஹாட்டிஸ்பர்க் கோர்ட்டே தீர்ப்பை அழித்தது. 2018-இல் அச்சர்வகலாசாலை கென்னார்டுக்கு டாக்டர் பட்டம் அளித்தது. அவர் கேட்டது ஓராண்டுப் படிப்பு.