பீப் சத்தத்திலிருந்து படத்துக்கு: அக்குளில் ஒரு தேடல்

என் பெரியம்மாவுக்கு வலது கையில் மட்டும் வளையல் ஏறாது. 1998-ல் மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்தபோது அக்குளில் இருந்த நிணநீர் முடிச்சுகளையும் மொத்தமா எடுத்துட்டாங்க. நிணநீர் வடியும் பாதை போச்சு, கை வீங்கிடுச்சு. புற்றுநோய் திரும்பி வரவே இல்லை. வீக்கம் மட்டும் போகலை. ஏன் மொத்தத்தையும் எடுத்தாங்க?

பதில் அமெரிக்காவின் பால்டிமோரில் இருக்கு. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் வில்லியம் ஹால்ஸ்டெட், மார்பகம், அடியில் உள்ள தசை, அக்குள் முடிச்சுகள் எல்லாத்தையும் சேர்த்து வெட்டி எடுக்கும் முறையைப் பரப்பியவர். 1894-ல் கட்டுரையே வெளியிட்டார். புற்றுநோய் படிப்படியாப் பரவும், அதனால பாதையையே எடுத்துடணும்ங்கறது அவர் கணக்கு. பிறகு தசையை விட்டுட்டாங்க. ஆனா அக்குள் வெட்டு ரொம்ப காலம் நின்னுச்சு. முடிச்சில் நோய் இருக்கான்னு தெரிஞ்சுக்க, எடுத்துத்தான் பார்க்கணும்! பக் இருக்கான்னு பார்க்க மொத்த மாட்யூலையும் டெலீட் பண்ற கதை.

1993-ல் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தின் டேவிட் கிராக் வேறு வழியை முயன்றார். கட்டியிலிருந்து வடியும் நிணநீர் முதலில் போய்ச் சேரும் முடிச்சு எது? அது சுத்தமா இருந்தா மற்றவையும் சுத்தமா இருக்க வாய்ப்பு அதிகம். கட்டியைச் சுற்றி டெக்னீசியம் என்ற கதிரியக்கப் பொருளை ஊசியில் ஏற்றினார். 6 மணி நேரத்தில் பாதியாகிவிடும் சமாசாரம் அது. அப்புறம் கையடக்கமான காமா ப்ரோபை அக்குள் மேல் நகர்த்தினால், முடிச்சு கிட்ட வரும்போது எண்ணிக்கை ஏறும். 22 பெண்களில் 18 பேருக்கு அந்த முதல் முடிச்சு கிடைத்தது.

ஆனா ப்ரோப் தருவது எண்ணும் பீப் சத்தமும்தான், படம் இல்லை. ஊசி போட்ட இடம் அக்குளுக்குப் பக்கத்தில் இருந்தால், அதன் கதிர்வீச்சே முடிச்சை அமுக்கிடும். கல்யாண மண்டப ஸ்பீக்கர் பக்கத்துல நின்னு போன் பேசற மாதிரி.

படம் எடுக்கும் காமா கேமரா 1950-களின் கடைசியிலேயே இருந்தது. பெர்க்லியில் ஹால் ஆங்கர் செய்தது. காமா கதிரை லென்ஸால் வளைக்க முடியாது. அதனால் துளை போட்ட கனமான ஈயத் தகடு வழியாகத்தான் படம் பிடிக்கணும். ஆஸ்பத்திரியில் அது அறையையே அடைச்சுக்கும், நோயாளிதான் அதைத் தேடிப் போகணும். டிடெக்டர்கள் சின்னதான பிறகே கேமரா கைக்கு வந்தது. இப்போ ஆபரேஷன் டேபிளிலேயே பார்க்கலாம்: ஊசி இடம் ஒரு புள்ளி, முடிச்சு தனிப் புள்ளி. எனக்குப் பிடிச்சது அடுத்த ஸ்டெப். முடிச்சை எடுத்த பிறகு திரும்பப் பிடித்து, இன்னொன்று மிச்சம் இருக்கான்னு பார்க்கலாம்.

கதிரியக்கமே வேண்டாம்னா, பச்சைச் சாயம் ஏற்றி அகச்சிவப்புக் கேமராவில் பார்க்கும் முறையும் உண்டு. ஆனா அந்த ஒளி ஆழத்துக்குப் போகாது.

இதெல்லாம் பாதுகாப்பானதா? அமெரிக்கா, கனடாவில் 5,611 பெண்களை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 2010-ல் வந்தது. முதல் முடிச்சு சுத்தமா இருந்தவர்களில், மிச்சத்தையும் எடுத்தவர்கள் கூடுதல் காலம் வாழவில்லை.

பெரியம்மாவோட பழைய ரிப்போர்ட்டைப் போன வாரம் தேடி எடுத்தேன். அகற்றிய முடிச்சுகள் 14. புற்றுநோய் இருந்தவை 0.